அத்தையின் மஞ்சக்காணி

என் வயதுக்காரர்களில் இதைக் கேட்க எத்தனை பேர் மிச்சமிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. போன ஐப்பசியில்கூட ஒருத்தி போய்ச் சேர்ந்தாள். நான் வாக்கப்பட்டு வந்த பாளையம்பட்டியில் எனக்கு அடுத்த தெருவில் இருந்தவள், சின்ன வயசில் என்னோடு ஏரோப்ளேன் பார்க்க ஓடியவள். இருக்கிறவர்களில் பாதிப்பேருக்கு எழுத்து தெரியாது, எழுத்து தெரிந்தவர்களுக்குக் கண் தெரியாது. பேத்தியையோ மருமகளையோ உட்காரவைத்துப் படிக்கச் சொல்வீர்கள். படித்துக் காட்டுகிற பிள்ளைகள் நடுவில் நிறுத்தி, இதெல்லாம் நிசமா என்று கேட்க வேண்டாம். நிசம்தான்.

எங்கள் பக்கம் இப்போது வெயிலிலிருந்து கரண்ட் எடுக்கிறவர்கள் நிலம் கேட்டு வருகிறார்கள். போன மாதம் எங்கள் வீட்டுக்கும் இரண்டு பேர் வந்தார்கள். என் மகன் அவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, பல வருசமாக வேலிக்கருவை தவிர வேறொன்றும் முளைக்காத காட்டை, பருத்தி அப்படி வரும், கம்பு இப்படி வரும் என்று அளந்து தள்ளினான். உள்ளே படுத்திருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சநேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. நிலத்தை எடுக்க வருகிறவனிடம் கூட்டிச் சொல்ல வேண்டும் என்கிற புத்தி இவன் காலத்தில் வந்துவிட்டது. எங்கள் அய்யாவுக்கு அந்தப் புத்தி இல்லை. அதனால் எங்கள் அத்தைக்கு என்ன ஆனது என்று எனக்குப் பிறகு சொல்ல ஆளில்லை. அதற்காகத்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன்.

நான் பிறந்த ஊர் திருச்சுழிக்கும் பரளச்சிக்கும் நடுவில். பெயர் வேண்டாம், சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள். வெள்ளைக்காரன் எங்கேயோ கடலுக்கு அந்தப்பக்கம் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். மண்ணெண்ணெய் கிடைக்காது, துணி கிடைக்காது. எனக்கு ஒன்பதோ பத்தோ இருக்கும்.

அத்தை அய்யாவுக்கு மூத்தவள். அய்யாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கட்டிக்கொடுத்த இடத்தில் மாமா காய்ச்சலில் போய்விட, பிள்ளை இல்லாமல் திரும்பி வந்தாள். வந்தவள், எங்கள் வீட்டின் பின்கட்டில் தனக்கென்று ஓர் அடுப்பு போட்டுக்கொண்டாள். ஒரே வீட்டில் இரண்டு உலை கொதிப்பதைப் பற்றி ஊரில் பேச்சு வந்தது. அம்மா பேச்சுக்கு வருத்தப்பட்டாலும், உள்ளுக்குள் நிம்மதிதான். இரண்டு பொம்பளைகள் ஓர் அடுப்பில் நிற்பதில் உள்ள கஷ்டம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அத்தைக்கு அந்த வீறாப்பு எங்கிருந்து வந்தது என்றால், அவள் பேரில் ஒரு காடு இருந்தது. கல்யாணத்தின்போது தாத்தா அவளுக்கு எழுதிவைத்த மஞ்சக்காணி. மஞ்சள் செலவுக்கு என்று பெண்பிள்ளைக்குக் கொடுக்கிற நிலம். மஞ்சள் பூசுகிற பாக்கியம் போனபிறகும் நிலம் போகவில்லை. உழுவது, விதைப்பது எல்லாம் அய்யா பார்த்துக்கொள்வார். விளைந்ததை மட்டும் அவள் பின்கட்டில் கொண்டுவந்து இறக்கிவிட வேண்டும்.

“எங்கய்யா குடுத்த காட்டுல வெளஞ்சதத் திங்கிறேன். தம்பி பொண்டாட்டி கைய நா எதுக்குப் பாக்கணும்” என்பாள். யாரும் கேட்காதபோதும் சொல்வாள்.

நான் இரண்டு அடுப்பிலும் தின்றேன். அத்தை ஆக்குகிற கம்பஞ்சோறும், வறுத்து அரைத்த மல்லித் துவையலும் அம்மாவுக்கு வராது. அத்தை காட்டில் பருத்தியும் கம்பும் விளைந்தாலும் பேர் வாங்கியது மல்லிதான். தை மாதம் பூத்து நிற்கும்போது வரப்பில் நின்றால் போதும், சேலையெல்லாம் வாசனை ஏறிக்கொள்ளும். அத்தை அறுப்பு முடிந்து பல நாள் கழித்தும் அந்த வாசனையோடு நடமாடுவாள். இன்றைக்குப் பாக்கெட்டில் வாங்கும் மல்லித்தூளை மோந்து பார்க்கிறேன், அதில் அட்டைப்பெட்டி வாசனைதான் வருகிறது.

அசல் கரிசல் அது. மழை பெய்தால் காலோடு அப்பிக்கொண்டு ஆளை நகரவிடாது. கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். ஒரு சித்திரையில் என் வெள்ளி மோதிரம் அந்த வெடிப்புக்குள் விழுந்துவிட்டது. குச்சியை விட்டுத் துழாவினோம், அடி தட்டுப்படவில்லை. வீட்டில் அடி விழும் என்று அழுத என்னை, மழைக்கு மண் மூடிக்கொள்ளும், உழும்போது மேலே வந்துவிடும் என்று அத்தை தேற்றினாள். அம்மாவிடம் தானே வாங்கி வைத்திருப்பதாகவும் ஒரு பொய் சொன்னாள்.

இப்போது ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

எங்கள் ஊரில் விளைச்சலை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். களத்தில் தானியம் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணாமல் ‘லாபம்’ என்று சொல்வது உங்களுக்கும் தெரியும். அதற்கு மேலே எண்ணுவது பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடக் கேட்காது. காடு எப்படி என்று சம்பந்தி வந்து கேட்டாலும், ஏதோ போட்டிருக்கோம், மழை கண் திறக்கணும் என்பதுதான் பதில். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். கண்ணடியைவிடப் பெரிய பயம் தீர்வை, நிலத்துக்குக் கட்டுகிற வரி. விளைச்சல் பொய்த்த வருசத்துக்குச் சர்க்கார் தீர்வையைத் தள்ளிக்கொடுக்கும், அதற்கு வஜா என்று பேர். வஜா வாங்குவதற்காக அதிகாரி வந்து காட்டைப் பார்ப்பார். அவர் வருகிறார் என்றால் ஊரே ஏழையாகிவிடும்.

அய்யாவிடம் அதற்கென்றே ஒரு கிழிந்த வேட்டி இருந்தது. அம்மா அதைத் துவைப்பாளே தவிர, தைக்க மாட்டாள். ஒவ்வொரு காட்டுக்கும் அதிகாரியை நடத்திக் கூட்டிப்போவதற்கென்று ஒரு பாதை உண்டு. அத்தை காட்டில் வடக்கு ஓரமாக உவர் பூத்த துண்டு ஒன்று கிடந்தது, புல்லும் முளைக்காது. அய்யா எந்த அதிகாரி வந்தாலும் அந்த உவர் மேலேயே நடத்திக் கூட்டிப்போய், அதே வழியாகத் திருப்பிக் கூட்டி வந்துவிடுவார். வீட்டில் மல்லி மூட்டைகள் வைக்கோலுக்கு அடியில் கிடக்கும். வைக்கோலை அள்ளிப் போட்டவள் அத்தைதான். நானும் கூட நின்று அள்ளியிருக்கிறேன். எங்களுக்கு அது பொய்யாகவே தெரியவில்லை, மாடு வந்தால் கதவைச் சாத்துவது மாதிரி ஒரு காரியம்.

அந்த வருசம் அறுப்பெல்லாம் முடிந்த பங்குனியில், சங்கிலியும் சிவப்புக்கொடி கட்டிய கம்புகளுமாக ஆட்கள் வந்தார்கள். எங்கள் ஊருக்குக் கிழக்கே, ஏரோப்ளேன் இறங்குவதற்கு நீளமாக நிலம் எடுக்கப்போவதாகத் தலையாரி தமுக்கு அடித்துச் சொன்னார். கொடி நட்ட கோட்டுக்குள் முழுசாக விழுந்தது அத்தையின் காடு. எங்கள் காடு வெளியே நின்றுகொண்டது. அதற்காக அம்மா சாமி கும்பிட்டதை அத்தை பார்த்துவிட்டாள்.

பிள்ளைகளுக்கு அது திருவிழா. கொடிக்கம்பைச் சுற்றி ஓடினோம். பெரியவர்கள் கிராம முன்சீப்பு வீட்டில் கூடினார்கள். முன்சீப்பு உலகம் தெரிந்தவர் என்று பேர், மதுரை வரைக்கும் போய் வந்தவர். அவர் சொன்னதை அய்யா வீட்டில் வந்து சொன்னார். சர்க்கார் நிலத்துக்கு விலை கொடுக்கும். ஆனால் சண்டை முடிந்தால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். அப்போது வாங்கிய பணத்தைக் கட்டினால்தான் நிலம் கைக்கு வரும்.

விலை போடுகிற அதிகாரி முதல் தடவை வந்தபோது அய்யா கிழிந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு போனார். யாரும் அவரைக் கட்டச் சொல்லவில்லை. தொட்டில் பழக்கம். அதிகாரி குடை பிடித்த மனிதர், அதட்டாமல் பேசுபவர். அய்யா அவரை உவர் மேலேயே நடத்திக் கூட்டிப்போனார். இங்கே என்ன விளையும் என்று கேட்டதற்கு, ஒன்றும் விளையாது எசமான், முள்ளு மொளைக்கும், மழை பெஞ்சா கொஞ்சம் புல்லு மொளைக்கும் என்றார். அதிகாரி குனிந்து ஒரு கட்டி மண்ணை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு அய்யாவின் வேட்டியைப் பார்த்தார். அடுத்த வாரம் இன்னொரு தடவை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாயந்தரம் பின்கட்டில் அத்தை அய்யாவை நிறுத்திக் கேட்டாள். சத்தம் இல்லாமல்தான் பேசினார்கள், ஆனால் நான் பக்கத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி, இது தீர்வைக்குக் கேக்குறது இல்லடா. வெலைக்குக் கேக்குறது.”

“சர்க்காருக்கு ரெண்டு வாயாக்கா? இன்னிக்கு வெலைக்குக் கேப்பான், நாளைக்கு அதையே வச்சுத் தீர்வையப் போடுவான். சண்ட முடிஞ்சா காடு நம்ம கைக்குத்தான் வருது. நெறைய வாங்கித் தின்னுட்டா, எதக் குடுத்து மீக்குறது? கொஞ்சமா வாங்குனாத்தான் நமக்குச் சௌகரியம்.”

அய்யா அவளை ஏமாற்ற நினைத்தார் என்று அந்தக் காலத்தில் ஊரில் சிலர் பேசினார்கள், அம்மா வழிச் சொந்தத்தில்கூட. இல்லை. அவர் தன் அக்காவுக்காக ரொம்ப யோசித்துத்தான் அப்படிச் செய்தார். அவர் யோசித்த யோசனையில் ஓட்டை எதுவும் எனக்கு அப்போது தெரியவில்லை. எனக்குத்தான் வயசு பத்து. அவருக்கு நாற்பது.

அத்தைக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. நடுவில் இருக்கிற காலத்துக்குக் கஞ்சிக்கு என்ன வழி என்பது அவள் கவலை. சண்டை எத்தனை வருசம் நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? அவள் வீரசோழன் போகிற ஒருவரிடம் சொல்லி அனுப்பினாள். வருசா வருசம் அவள் மல்லியை வாங்கிப் போகிற வியாபாரி அந்த ஊர்க்காரர். எல்லோரும் ராவுத்தர் என்போம். வந்தால் எனக்கு வெல்லக்கட்டி தராமல் போக மாட்டார்.

இரண்டாவது தடவை அதிகாரி வந்தபோது, முன்சீப்பு காட்டுக்கே ஒரு நாற்காலியைத் தூக்கிவரச் செய்திருந்தார். ஒற்றை உடைமரத்து நிழலில் அதிகாரி உட்கார்ந்தார். அய்யா அதே வேட்டியில் நின்றார். அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மரத்துக்குப் பின்னால், நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு. ராவுத்தர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வரப்பு வழியாக வந்தார். வந்தவர் நேரே அதிகாரியிடம் போய்ச் சலாம் வைத்தார்.

“எசமான், நா வீரசோழன். மல்லி யாவாரம். இந்தச் சுத்துக்காட்டு மல்லியெல்லாம் எங்கிட்டதான் வரும். இந்தத் தாயி காட்டு மல்லிய மட்டும் நா கலக்க மாட்டேன், தனி மூட்டதான். வாசனைக்கே வெல கூடக் கெடைக்கும்.”

அதிகாரி அய்யா பக்கம் திரும்பினார். அய்யா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ராவுத்தரு தப்பா நெனச்சுட்டாக, அது வேற காட்டு மல்லி என்றார். பொய்யைச் சொல்லிவிட்டு ராவுத்தரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

“பட்டா உங்க பேர்லதானே இருக்கு. நீங்க சொல்லுங்கம்மா. இங்க மல்லி விளையுமா?” என்று அதிகாரி அத்தையைக் கேட்டார்.

அத்தை வாயைத் திறந்தாள். அவள் சொல்லியிருப்பாள். சொல்லத்தான் ராவுத்தரை வரவழைத்தாள். அதற்குள் முன்சீப்பு தொண்டையைச் செருமிக்கொண்டு குறுக்கே வந்தார். போன வருசமும் முந்தின வருசமும் இந்தக் காடு விளையாமல் சாவியாய்ப் போனதென்று இந்த ஆள்தான் எழுதிக்கொடுத்து வஜா வாங்கியிருக்கிறார் என்றார். அந்தக் கணக்கில் கையெழுத்துப் போட்ட தன் தலை உருளக்கூடாதே என்று சொன்னாரோ, அக்கறையில் சொன்னாரோ, தெரியாது. அய்யா கிழிந்த வேட்டியின் முனையைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். அத்தையும் பார்த்தாள். விளைந்தது என்று அவள் சொன்னால், தம்பி இத்தனை வருசம் சர்க்காருக்குச் சொன்னதெல்லாம் பொய் என்றாகும். அந்தக் காலத்தில் சர்க்காருக்குப் பொய் சொன்னவனை ஜெயிலில் போடுவார்கள் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை.

“எந்தம்பி சொன்னதுதாங்க” என்றாள் அத்தை.

அதிகாரி உடனே எழுதவில்லை. “நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. பழைய கணக்கு எதுவும் எனக்கு வேண்டாம். நான் அதுக்கு வரலை” என்றார்.

“எந்தம்பி பொய் சொல்ல மாட்டான்” என்றாள்.

அந்த மனிதர் எங்களுக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது நிழலில் நின்ற ஒருவருக்கும் தெரியவில்லை. பொறி வைக்கிறார் என்றுதான் நினைத்தோம். சர்க்கார் ஆள் ஒருவர் நமக்கு நல்லது நினைப்பார் என்று எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அவர் தரிசு என்று எழுதிக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு அடுத்த காட்டுக்கு நடந்தார்.

ராவுத்தர் போகும்போது அய்யாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாரேன் தாயி என்று அத்தையிடம் மட்டும் சொன்னார். என் கையில் வெல்லக்கட்டியை வைத்தார். அதற்குப் பிறகு அவர் எங்கள் ஊர்ப்பக்கம் வரவே இல்லை. பத்துப்பேர் முன்னால் அவரைப் பொய்யராக்கினோம், எந்த முகத்தோடு வருவார்.

தரிசுக்கு என்ன விலையோ அந்த விலை வந்தது. அய்யா அருப்புக்கோட்டை போய் வாங்கி வந்து அத்தை கையில் கொடுத்தார். அத்தை அதை மஞ்சள் துணியில் முடிந்து, அடுக்குப்பானையில் அடிப்பானைக்குள் போட்டுவைத்தாள். காட்டை மீட்கிற பணம், அதைத் தொடக்கூடாது என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள்.

ஆடி பிறப்பதற்குள் பின்கட்டுத் தானியக் குலுக்கையில் கம்பு தீர்ந்து அடி தெரிந்தது. மதினி, இனிமே ஒரே உலையா வைப்போம் என்று அம்மா கூப்பிட்டாள். மனசாரத்தான் கூப்பிட்டாள் என்று நினைக்கிறேன். அத்தை சிரித்தாள், வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் லாரிகள் சரளை கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்தன. கூடையில் அள்ளிப் பரப்புவதற்குப் பொம்பளை ஆட்கள் வேண்டும் என்று மேஸ்திரிகள் ஊர் ஊராக வந்து கேட்டார்கள். எங்கள் பகுதி அதற்கு முன்னால் கண்டிராத கூலி. பல வீடுகளில் அந்த வருசம்தான் பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுத்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பியதைப் பார்த்து அய்யா வாசலை மறித்தார். நம்ம வீட்டுப் பொம்பள கூலிக்குப் போறதா, ஊரு என்ன பேசும் என்றார்.

“கூலிக்கா போறேன்? எங்காட்டுக்குத்தான போறேன்” என்றாள் அத்தை. அய்யா வழியை விட்டுவிட்டார்.

மத்தியானம் நான் அவளுக்குக் கூழ் கொண்டுபோவேன். கிழக்கே பார்த்தால் வெறும் சிவப்பாக இருக்கும். வரப்பு இல்லை, உடைமரம் இல்லை, எந்தக் காடு யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. அத்தைக்கு மட்டும் தெரிந்தது. சும்மாட்டின்மேல் கூடையோடு வருகிறவள், தன் எல்லை வந்ததும் நிற்காமல் நடந்து, அதைத் தாண்டிப் போய்க் கொட்டுவாள். இரண்டு நாளில் மேஸ்திரி கண்டுபிடித்துவிட்டான். ஏய், சொன்ன எடத்துல கொட்டு என்று கத்தினான். அத்தை திரும்பி வந்து, சொன்ன இடத்தில் கூடையைக் கவிழ்த்தாள். சரளை விழுந்த இடத்தில் கொஞ்சநேரம் கறுப்புத் தெரிந்தது. அடுத்து வந்தவளின் கூடையில் அதுவும் மூடிக்கொண்டது. நான் கூழ்ச்சட்டியோடு நின்று பார்த்தேன். மோதிரம் அங்கேதான் எங்கேயோ கிடக்கிறது என்று அவளிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அதன்மேல் தண்ணீர் தெளித்து, கல் உருளையை இழுத்தார்கள், பிறகு புகை விடுகிற என்ஜின் உருளை வந்து முன்னும் பின்னும் ஓடியது. வீட்டில் படுத்திருந்தால்கூடத் தரை அதிர்வது முதுகில் தெரியும். ஏரோப்ளேன் எப்போதாவது வந்து இறங்கியது. நாங்கள் கம்பிவேலிக்கு வெளியே நின்று கத்துவோம். சிப்பாய்கள் தூக்கியெறிந்த தகர டப்பாக்களும் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளும் எங்களுக்குச் சொத்து. அந்தத் தகரத்தில் ஒன்றை அத்தை மல்லி போட்டுவைக்க எடுத்துக்கொண்டாள். போட்டுவைக்க மல்லி இருக்கவில்லை, தகரம் காலியாகவே இருந்தது.

வேலை முடிந்து மேஸ்திரிகள் போனபிறகு அத்தை ஊருக்குள் களையெடுக்கவும் பருத்தி எடுக்கவும் போனாள். அடுப்பு மட்டும் தனியாகவே எரிந்தது. சில நாள் அதில் வெந்நீர் மட்டும்தான் கொதித்தது என்று அம்மா பிற்காலத்தில் சொன்னாள். அடிப்பானையை அத்தை திறக்கவில்லை.

சண்டை ஒருவழியாக முடிந்தது. சிப்பாய்கள் லாரியேறிப் போனார்கள், கம்பிவேலியை ஊர்க்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். கொஞ்சநாள் கழித்து முன்சீப்பு சொன்னபடியே உத்தரவும் வந்தது. வாங்கிய பணத்தைக் கட்டுகிறவர்கள் நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். உண்மை விலையை வாங்கித் தின்றுவிட்ட பக்கத்து ஊர்க்காரர்கள் பணத்துக்கு அலைந்தார்கள். அத்தை மஞ்சள் துணியை அவிழ்த்து அப்படியே எடுத்துக் கொடுத்தாள். அய்யா அருப்புக்கோட்டையிலிருந்து திரும்பி வரும்போது அல்வா வாங்கி வந்தார். எனக்குத் தெரிந்து அவர் அல்வா வாங்கியது அந்த ஒரு தடவைதான்.

“பாத்தியாக்கா, நா அன்னிக்கே சொன்னேன்ல” என்றார். அத்தை அவர் தலையைத் தடவிக் கொடுத்தாள். அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு சந்தோசமாக இருந்தார்கள் என்பதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் தாங்கவில்லை.

மறுநாள் அய்யா ஏரைப் பூட்டினார். முதல் சாலிலேயே கொழு முறிந்தது. கடப்பாரை கொண்டுவந்து தோண்டினார்கள், முழங்கால் ஆழத்துக்குச் சரளை. அதற்குக் கீழே கரிசல் இருந்தது, ஆனால் கரிசலாக இல்லை. உருளை ஏறி ஏறி அமுங்கிப்போய், மழைத்தண்ணீரை உள்ளே விடாமல் மேலேயே நிறுத்தியது. அத்தை ஒரு மூலையில் உட்கார்ந்து கையால் சரளையைப் பொறுக்கி ஒதுக்க ஆரம்பித்தாள். மாதக்கணக்காகப் பொறுக்கினாள். பாய் விரிக்கிற அளவுக்கு ஓர் இடம் தேறியது. அதில் தூவிய மல்லி சாண் உயரம் வந்து, பூக்காமல் காய்ந்தது.

அந்த வருசமே தீர்வையும் வந்தது. நிலம் கைக்கு வந்துவிட்டதல்லவா. பார்க்க வந்த புது அதிகாரி சின்ன வயசுக்காரர். அய்யா அவரை நட்டநடுக் காட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். ஒண்ணுமே வெளையாது எசமான், சத்தியமாச் சொல்றேன் என்றார். அவர் அய்யாவின் வேட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இந்தப் பக்கம் எல்லாரும் இதத்தான் சொல்றீங்க என்றார். தீர்வையைக் குறைக்கவில்லை. அய்யா வீட்டுக்கு வந்து அந்த வேட்டியை அவிழ்த்து அடுப்பில் போட்டார். அம்மா வேண்டாம் என்று தடுக்கவில்லை.

பொறுக்கிப் பொறுக்கித் தூசியில் அத்தைக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது, கூலிக்குக் கூப்பிடுகிறவர்களும் நின்றுவிட்டார்கள். ஒருநாள் மத்தியானம் அவள் பின்கட்டு அடுப்பை மெழுகி, கோலப்பொடியால் ஒரு கோடு இழுத்துவிட்டு, தன் வட்டிலை எடுத்துக்கொண்டு எங்கள் அடுப்படிக்கு வந்தாள். பிள்ளைகள் வரிசையில் எனக்கும் தம்பிக்கும் நடுவில் உட்கார்ந்தாள். அம்மா ஒன்றும் கேட்காமல் சோறு போட்டாள். அய்யா பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். அன்றிலிருந்து அத்தை இருக்கிற பந்தியில் அவர் உட்காரவில்லை.

இரண்டு உருண்டை உள்ளே போனதும் அத்தை வட்டிலைக் கையால் மறைத்துக்கொள்வாள். இன்னும் கொஞ்சம் வைக்கவா மதினி என்று அம்மா கேட்பாள்.

“போதும்த்தா. எனக்குப் பசியே எடுக்கல.”

தினமும் இதையே சொன்னாள். களையெடுத்த காலத்தில் சட்டி நிறையக் கூழ் குடித்துவிட்டு விரலை நக்கியவள் அவள். ஆனாலும் அம்மா கரண்டியைப் பானைக்குள் போட்டுவிடுவாள். வீட்டில் தின்கிற வாய் நிறைய, அந்த வருசம் எங்கள் காடும் சரியில்லை. மிஞ்சிய சோறு எனக்கும் தம்பிக்கும் வந்தது, நாங்கள் தின்றோம்.

அடுத்த மழைக்கு முன்னால் அத்தை போய்விட்டாள். குளிப்பாட்டிய பெண்கள் வெளியே வந்து, உடம்பில் ஒண்ணுமே இல்லையே, வெறும் எலும்புதான் என்று அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, மதினிக்குக் கொஞ்சநாளாவே பசியே எடுக்கல, நா எவ்வளவோ சொன்னேன் என்றாள்.

வாசலில் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற அய்யா, “பசிச்சது. எனக்குத் தெரியும்” என்றார்.